சாலையைக் கடந்த ஓட்டு

இரத்த வங்கிக் கவுண்டரில் இருந்த திரையில் ஒரே ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. "தலைவர் இல்லை. காத்திருக்கவும்." ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை எழுதியது நான்தான். எழுதிய நாளில் அது ரொம்பப் பொறுப்பான வரியாகத்தான் தோன்றியது. உள்ளே வார்டில் அக்கா ஈறில் இரத்தம் கசியப் படுத்திருக்க, கவுண்டருக்கு வெளியே நின்று அதையே படித்தபோது, எழுதியவள் கையை ஒடிக்கலாம் போல இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பூனாவில் மழைக்காலம். அந்த வருடம் தெருவுக்குத் தெரு டெங்கு. அக்காவுக்குத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிவிட்டன. சாயங்காலத்துக்குள் ஒரு பை ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பொருந்துவதாக மருத்துவமனையில் அன்று இருந்தது ஒரே ஒரு பை. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் கிடந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்த அது என் கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டிய பெண்ணும் எதிரேதான் நின்றாள். ஆனால் சீட்டு வந்தால்தான் பை வெளியே போகும். சீட்டைத் தலைவர்தான் தர முடியும்.

தலைவர் என்றால் ஆள் இல்லை, கம்ப்யூட்டர். இதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் படிப்பை முடித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து பெட்டி படுக்கையோடு பூனாவில் நிக்டியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அத்தானுக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு அறை வீடு. முன்னறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்து, நான் வேலை தேடிக் கண்டுபிடிக்கும் வரை ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் சோறு போட்டவள் அக்கா. எங்கள் ஊரிலேயே மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்ப விடமாட்டார்கள். அக்காவுக்கு அது போதாதென்று பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளும் வாய்த்தாள். "தீன் திகாடா, காம் பிகாடா" என்பாள் அந்த அம்மாள். மூன்று சேர்ந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். அவளிடமிருந்து அக்கா இன்னொன்றையும் கற்றுக்கொண்டாள். தட்டில் மூன்று சப்பாத்தியாக வைக்கக் கூடாது, சாப்பிடுகிறவருக்கு ஆகாது. மூன்றாவதை இரண்டாகக் கிழித்துத்தான் வைப்பாள்.

என் முதல் இன்டர்வியூவுக்கு அத்தானும் அந்த மராத்திக்கார அம்மாளின் மகனும் வழிகாட்ட வந்தார்கள். ஆக மூன்று பேர். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா ஓடி வந்து அத்தானின் சட்டைப் பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாள்.

"என்னக்கா இது?"

"நாலாவது ஆளு. ஏட்டி, பேசாமப் போ."

வேலை கிடைத்தது. கல்லால்தான் கிடைத்தது என்று அவள் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் கணிப்பொறி படித்தவள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது.

சில வருடங்கள் கழித்து மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் இருந்தபோதுதான் இந்த மருத்துவமனை வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஊருக்கு நடுவே பழைய பேட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. சாலைக்கு இந்தப் பக்கம் பழைய கட்டிடம், அந்தப் பக்கம் புதுக் கட்டிடம். இரத்தப் பைகள் எல்லாம் பழைய கட்டிடத்தில். இரண்டு பக்கத்து வார்டுகளிலிருந்தும் கேட்பார்கள். முன்பு போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே பையை இரண்டு நோயாளிகளுக்குத் தருவதாகச் சொல்லி, அதை நம்பி ஒரு ஆபரேஷனைத் தொடங்கி, நடுவில் திண்டாடிப் போயிருக்கிறார்கள். இனி அப்படி நடக்கவே கூடாது என்பதுதான் எங்களிடம் அவர்கள் கேட்டது.

ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அது படுத்துவிட்டால் மருத்துவமனையே படுத்துவிடும். அதனால் பல கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. அப்படி வைத்தால் கடைசிச் சொல் யாருடையது என்று ஓர் ஏற்பாடு வேண்டும். கல்யாண வீட்டில் பெரியப்பா ஒரு பக்கமும் தாய்மாமன் ஒரு பக்கமும் நின்று சமையல்காரருக்கு உத்தரவு போட்டால் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழும். ஆகவே ஒன்று தலைவர். அது மற்றவற்றுக்கு 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றுவிட்டால் மற்றவை சற்றுப் பொறுத்துப் பார்க்கும். பிறகு ஒன்று எழுந்து 'நான் வரட்டுமா?' என்று ஓட்டுக் கேட்கும். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரே ஓட்டு.

நம் ஊர்த் தேர்தல் மாதிரி மற்றவரைவிட அதிகம் வாங்கினால் போதாது. வராதவர்களையும் சேர்த்து எண்ணி, அதில் பாதிக்கு மேல் வேண்டும். பாதிக்கு மேல் என்று ஒரு கூட்டம்தான் இருக்க முடியும், அதனால் தலைவரும் ஒன்றுதான் இருக்க முடியும். பை ஒதுக்குவதற்கும் அதே சட்டம். பாதிக்கு மேற்பட்டவை 'எழுதிக்கொண்டேன்' என்று பதில் சொன்ன பிறகுதான் தலைவர் ஒதுக்கியது செல்லும். ஓட்டுத் தேறாவிட்டால் தலைவர் இல்லை, காத்திருக்கவும். இரண்டு தலைவர் இருப்பதற்குத் தலைவரே இல்லாமல் இருக்கலாம் என்று நான்தான் கூட்டத்தில் வாய் கிழியப் பேசினேன்.

என் கணக்கு மூன்று இயந்திரங்கள். பழைய கட்டிடத்தில் இரண்டு, புதுசில் ஒன்று. நடுவில் கம்பி அறுந்தால்கூடப் பழைய பக்கம் மூன்றில் இரண்டு ஓட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, நெற்றியில் சந்தனம் வைத்த நல்ல மனிதர், வரைபடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டார். "மூணா? தீன் திகாடா..." என்று ஆரம்பித்தார். எனக்கு அக்காவைப் பார்த்தது போலவே இருந்தது. மறுவாரம் மருத்துவமனைச் செலவிலேயே நாலாவது இயந்திரம் புதுக் கட்டிடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மாலை வேறு.

நாலு என்றால் பாதிக்கு மேல் மூன்று. இரண்டு பக்கமும் இரண்டு இரண்டாகப் பிரிந்து நின்றால் எந்தப் பக்கமும் தேறாது. இதை என் மேலாளரிடம் படம் போட்டுக் காட்டினேன். ஒன்று கூடினால் பாதுகாப்புக் கூடும்தானே என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு ஓட்டு மட்டும் வேண்டாம், அக்காவின் கூழாங்கல் மாதிரி சும்மா கூட இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அந்த அடுத்த பதிப்பு வருவதற்கு முன் டெங்கு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே சாலையில் ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டாத சாலையைப் பூனாவில் யார் கண்டார்கள். கம்பியும் போன் லைனும் ஒரே அள்ளில் போயின. திரையில் என் வரி வந்தது.

"ஏம்மா, இது நீ செஞ்சதுதான?" அத்தான் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. "நீயே தொறந்து விடக்கூடாதா?"

திறந்து விடலாம். அதுதான் கொடுமை. ஒரு கட்டிடமே எரிந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, ஓட்டெடுப்பு இல்லாமல் ஓர் இயந்திரத்தை வலுக்கட்டாயமாகத் தலைவராக்கும் கட்டளை ஒன்றையும் எழுதி வைத்திருந்தேன். கடவுச்சொல் என்னிடமும், ஆபீசில் இருந்த என் சக ஊழியனிடமும் இருந்தது. கவுண்டர் பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும். இயந்திர அறைச் சாவியை அவளே நீட்டினாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டளையை அடித்தேன். கடவுச்சொல்லையும் அடித்தேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி. விரல் அதன் மேல் இருந்தது.

கம்பி அறுவதற்குச் சற்று முன் எதிர்க் கட்டிடத்தில் யாராவது அந்தப் பையைக் கேட்டிருந்தால்? 'எழுதிக்கொள்' என்ற செய்தி இந்தப் பக்கம் வந்திருக்கும், 'சம்மதம்' என்ற முடிவு வந்து சேர்ந்திருக்காது. நான் பொத்தானை அழுத்தினால் அரைகுறையாக நிற்பதெல்லாம் அழிந்து, பை சும்மா கிடப்பதாகத் திரை காட்டும். சீட்டு எங்களுக்கு வரும். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்கச் சக ஊழியனுக்கு மொபைலில் அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. அவனோடு பேசிக்கொண்டிருப்பது எதிர்க் கட்டிடமாக இருந்தால்? அங்கேயும் ஒருவர் உயிருக்காகத்தான் கெஞ்சிக்கொண்டிருப்பார். அவன் இளகிய மனசுக்காரன், கட்டளையைச் சொல்லிக் கொடுத்துவிடுவான். அங்கே ஒரு தலைவர், இங்கே ஒரு தலைவர். இரண்டு சீட்டு, ஒரு பை. எதற்காக இவ்வளவையும் கட்டினோமோ அதுவே நடக்கும், என் கையாலேயே நடக்கும்.

எழுந்து ஓடினேன். "எங்கம்மா போற?" என்று அத்தானும் பின்னாலேயே ஓடி வந்தார்.

நினைத்தது சரியாகப் போயிற்று. புதுக் கட்டிடத்தில் பை கேட்டு எழுதும் கவுண்டரில் இருந்தவர் மொபைலைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு என் சக ஊழியன் சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர், சட்டை முழுக்க நனைந்து, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாள், டெங்கு. அதே வகை இரத்தம். நிறுத்தச் சொல்லி "ருக்கோ!" என்று நான் கத்தியதில் கவுண்டர்க்காரர் மொபைலைக் கீழே போட்டுவிட்டார்.

யாருக்கு அந்தப் பை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதருக்கும் தெரியவில்லை. முன்பே கேட்டாராம், சீட்டு வரும் நேரத்தில் திரை நின்றுவிட்டதாம். அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் எனக்கு அந்த யோசனை வந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கம்பி போகாவிட்டால் என்ன, ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகலாமே. இங்கிருந்து ஓர் இயந்திரத்தைப் பிடுங்கி அங்கே மாட்டினால் அந்தப் பக்கம் மூன்று. மூன்று சேர்ந்தால் தலைவர் தானாக வரும். பாதிக்கு மேற்பட்டவை எழுதிக்கொண்டு முடிந்த காரியம் எதுவானாலும் அந்த மூன்றில் ஒன்றிலாவது இருந்தே தீரும்.

அந்தக் கட்டிடத்து இயந்திர அறைக்கு முன்னால் நிர்வாக அதிகாரி வந்து நின்றுகொண்டார். மருத்துவமனைச் சொத்து மழையில் வெளியே போகக் கூடாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வயது மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "மூணு ஆகாதுன்னு நாலாக்கினது நீங்க. இப்ப உயிர் போகுது. எனக்கு மூணு வேணும், வழியை விடுங்க" என்று இந்தியில் கத்தினேன். அவர் முகம் விழுந்துபோயிற்று. வழியை விட்டதோடு, வார்டிலிருந்து ஒரு ரப்பர் விரிப்பை அவரே கொண்டுவந்து இயந்திரத்தைச் சுற்றிக் கொடுத்தார்.

அதுவரை தலைவராக இருந்த இயந்திரம் அதுதான். பதவி போன தலைவரைக் குழந்தை மாதிரி சுற்றி அந்த மனிதரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அத்தான் குடையைப் பிடித்தார். வெளியே மழை கொட்டியது. தோண்டிய பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகை வழுக்கியது. அவர் ஒருமுறை சறுக்கினார், நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒரே பைக்கு நிற்கிறவர்கள், ஒரே பெட்டியைச் சுமக்கிறோம். அவர் மனதில் என்ன ஓடியதோ தெரியாது. என் மனதில் ஓடியது நல்லதில்லை.

பலகையைத் தாண்டியதும் அத்தான் குனிந்தார். மண்குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத்தான்! இப்பவா?"

"மூணு பேரா வாரோம்லா. உங்க அக்கா கேப்பா."

அந்த மனிதர் கல்லைப் பார்த்தார், புரிந்தது போலத் தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பழைய கட்டிடத்து அறையில் மாட்டி, இயக்கி, மூன்று பேரும் திரைக்கு முன் நின்றோம். முதல் சுற்றில் இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் எழுந்து ஓட்டுக் கேட்டன. ஓட்டுப் பிரிந்தது, யாருக்கும் தேறவில்லை. அது சில நேரம் அப்படித்தான் நடக்கும், அடுத்த சுற்றில் சரியாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்களுக்கே என்று சொல்லிவிடு, எங்களுக்கே என்று சொல்லிவிடு என்று நான் எழுதிய நிரலிடமே கும்பிட்டு நின்றேன்.

மறுசுற்றில் ஒன்றுக்கு மூன்று ஓட்டும் விழுந்தது. என் வரி மறைந்து பட்டியல் வந்தது. பை ஒதுக்கப்பட்டிருந்தது, புதுக் கட்டிடத்துக்கு. கம்பி அறுவதற்கு முன் அவர் கேட்டது பதிவாகியிருந்தது.

கவுண்டர் பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "உங்க பேஷண்ட்?" என்று இந்தியில் கேட்டார். "போங்க, சீக்கிரம் போங்க" என்று சிடுசிடுத்தேன். அன்போடு சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவரை அந்த இடத்தில் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு அத்தான் மெதுவாகக் கேட்டார். "அப்பவே நீ அந்த பட்டனத் தட்டிருந்தா, நமக்குக் கெடச்சிருக்குமோ?"

"கெடச்சிருக்கும் அத்தான்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வேறு இரத்த வங்கிகளைத் தேடிக் கிளம்பிவிட்டார். நான் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து அவள் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பஞ்சு ஒவ்வொரு முறையும் சிவப்பாகத்தான் வந்தது. அவள் கண்ணைத் திறந்து, "பை வந்துட்டாட்டி?" என்று கேட்டபோதெல்லாம் "வருதுக்கா" என்றேன். இவள் போய்விட்டால் நான் சரியாகச் செய்தேன் என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று தோன்றியது. இருட்டுவதற்குள் அத்தான் ஊரின் மறுகோடியிலிருந்து தட்டணுவுக்கு ஐஸ் ஆகாது என்பதால் வெறும் பெட்டியில், மடியில் வைத்தபடி, ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். நாலாவது இயந்திரத்தின் ஓட்டை அந்த வாரமே பறித்தேன், நிர்வாக அதிகாரியே அதற்குக் கையெழுத்துப் போட்டார். மாலை போட்டுச் சும்மா வைத்திருந்தார்கள், யாருக்கும் தொந்தரவில்லை.

அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அத்தான் சொல்லியிருக்கிறார். உடம்பு தேறி அவள் அடுப்படிக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்டிக்குப் போயிருந்தேன். தட்டில் இரண்டு சப்பாத்தி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏட்டி, ஒன் மிஷினு மூணும் சேந்துதான் எனக்கு இல்லன்னு சொல்லிச்சாக்கும்?"

"ஆமாக்கா."

"ஒன் ஓட்டு எந்தப் பக்கம்?"

"ஒம் பக்கந்தான்க்கா. ஆனா எனக்கு ஓட்டு கெடையாது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லிலிருந்து மூன்றாவது சப்பாத்தியை எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முழுதாக வைத்துவிடுவாளோ என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு படித்தவள், ஒரு சப்பாத்திக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அதை இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டையும் என் தட்டில் வைத்தாள்.

"தின்னு, ஆறிப்போவும்" என்றாள்.